செயலி செய்து பிழைக்க முடியுமா?

2008 ஜூலை 10 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அதில் இருந்தவை சுமார் 500 செயலிகள். முதல் வார இறுதிக்குள்ளேயே ஒரு கோடி டவுன்லோடுகள் நடந்தன. அந்த எண்ணிக்கையைக் காட்டிலும் பெரிய செய்தி கடையின் நிபந்தனைகளில் இருந்தது. ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் செயலி எழுதி உலகம் முழுக்க விற்கலாம். விற்பனையில் 70 விழுக்காடு எழுதியவருக்கு, 30 விழுக்காடு ஆப்பிளுக்கு. பணம் வசூலிப்பதும் செயலியை வாங்குபவரின் ஃபோனில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் கடைக்காரர் பொறுப்பு. அதற்கு முன்பு செல்போனுக்கு மென்பொருள் எழுதியவர்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் தன் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டைத் தொடங்கியது. 2012-ல் அது கூகுள் பிளே என்று பெயர் மாறியது. அங்கே ஒரே ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும்.

முதலீட்டாளர் இல்லை, அலுவலகம் இல்லை, விற்பனைப் பிரிவு இல்லை. ஒரு கணினியும் நல்ல யோசனையும் உள்ள ஒருவர் தன் பெயரிலேயே கடை விரிக்கலாம் என்கிற நிலை மென்பொருள் வரலாற்றில் அரிதாகவே வாய்த்திருக்கிறது. அதை நம்பி வேலையை விட்டவர்கள் உண்டு. அலுவலகம் முடிந்து வந்து இரவில் எழுதியவர்கள் உண்டு. இவர்களில் சிலர் தங்கள் வரவு செலவை ஒளிவுமறைவின்றி வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு கேள்வியை நேராகக் கேட்டுப் பார்க்கப் போதிய சான்றுகள் இன்று நம்மிடம் உள்ளன: சிறு செயலிகளைச் செய்து விற்று ஒருவர் பிழைக்க முடியுமா?

முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் பலரும் எண்ணித் தொடங்கிய வழியில் முடியாது. செயலியைச் செய்வது இந்தத் தொழிலில் ஒரு சிறு பகுதி. அதை ஆண்டுக்கணக்கில் பேணிக் காப்பதே தொழில். வருமானம், போட்டி, கடையின் விதிகள் என எந்தப் பக்கம் தொட்டாலும் இந்த உண்மையில் வந்து முட்டுகிறோம். செயலிக் கடைகள் செய்வதற்கு ஒரு விலை வைக்க வழி கொடுத்தன. பேணுவதற்கு விலை வைக்க நெடுங்காலம் வழி கொடுக்கவில்லை. தனியாள் டெவலப்பர்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது.

முதல் அலை

ஆரம்ப நாட்களின் கதைகள் கேட்பவரைக் கிறங்கடிக்கக்கூடியவை. வங்கி ஏடிஎம்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த ஸ்டீவ் டெமிட்டர், ‘டிரிஸம்’ என்ற புதிர் விளையாட்டை 4.99 டாலருக்கு விற்று, கடை திறந்த இரண்டே மாதத்தில் இரண்டரை லட்சம் டாலர் ஈட்டினார். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பொறியாளராக இருந்த ஈத்தன் நிக்கோலஸ் எழுதிய ‘ஐஷூட்’ உடனே உச்சிக்குப் போய்விடவில்லை. 2009 ஜனவரியில் அதன் சுருக்கமான வடிவம் ஒன்றை இலவசமாக விட்டார். விளையாடிப் பார்த்தவர்கள் முழு விளையாட்டை வாங்கினார்கள். அது விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. ஒரே நாளில் 37,000 டாலர் வந்தது. அவர் வேலையை விட்டார்.

இந்தக் கதைகளைப் பத்திரிகைகள் கொண்டாடின, ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள். ஆனால் இவற்றுக்குள்ளேயே பின்னால் வந்த சிக்கலின் விதையும் இருந்தது. கடையின் முகப்புப் பட்டியல் எத்தனை பிரதிகள் விற்றன என்பதை வைத்துத் தயாரானது. எவ்வளவு பணம் வந்தது என்பதை வைத்து அல்ல. விலையைக் குறைத்தால் பிரதிகள் கூடும், பட்டியலில் மேலே போகலாம், மேலே போனால் இன்னும் விற்கும். எல்லாரும் அதையே செய்ததால் 4.99 டாலரில் தொடங்கிய விளையாட்டுகள் சில மாதங்களிலேயே 99 சென்ட்டுக்கு இறங்கின. அதற்குக் கீழே விலை வைக்கக் கடை இடம் தரவில்லை. இலவசம் மட்டுமே மிச்சம். 2009 அக்டோபரில் இலவசச் செயலிகளுக்குள்ளும் பொருள் விற்கலாம் என்று ஆப்பிள் அனுமதித்தபோது அந்தக் கடைசிப் படியும் திறந்தது.

99 சென்ட் கணக்கு

விலை இறங்கியதன் பொருளை ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 99 சென்ட்டில் கடையின் பங்கு போக டெவலப்பருக்குக் கிடைப்பது சுமார் 70 சென்ட். அமெரிக்காவில் ஒருவர் ஆண்டுக்கு 50,000 டாலர் வேண்டும் என்று நினைத்தால் ஏறத்தாழ 71,400 பிரதிகள் விற்க வேண்டும். நாளொன்றுக்கு 196 பேர். அதுவும் புதிதாக வாங்குபவர்கள். நேற்று வாங்கியவர் இன்று மறுபடி வாங்கப் போவதில்லை. அவருக்கு இனி வரும் எல்லா அப்டேட்டுகளும் இலவசம். முந்தைய கணினி மென்பொருள் உலகில் புதிய பதிப்பு வரும்போது பழைய வாடிக்கையாளர் சலுகை விலையில் வாங்குவார். அந்த வருமானத்தில்தான் சிறு நிறுவனங்கள் ஓடின. ஆப் ஸ்டோரில் அப்படியொரு வசதியே வைக்கப்படவில்லை.

லோரன் பிரிக்டர் என்ற தனியாள் டெவலப்பருக்கு நடந்தது இதற்கு நல்ல சான்று. அவருடைய ‘ட்வீட்டி’ ஐபோனில் ட்விட்டர் வாசிக்கச் சிறந்த செயலி என்று பெயர் பெற்றிருந்தது. 2009 அக்டோபரில் அதை அடியிலிருந்து திருத்தி எழுதி ‘ட்வீட்டி 2’ என்று வெளியிட்டார். பட்டியலை விரலால் கீழே இழுத்து விட்டால் புதிய செய்திகள் வந்து நிறைவது அந்தச் செயலியில்தான் அறிமுகமானது. இன்று நாம் மின்னஞ்சலிலும் செய்திச் செயலியிலும் யோசிக்காமல் செய்யும் அசைவு அது. அத்தனை உழைப்புக்கு அவர் மறுபடி 2.99 டாலர் கேட்டார். ஏற்கெனவே பணம் கொடுத்தோமே என்று கணிசமானோர் கொதித்தார்கள். ஒரு காப்பி விலைக்குக் குறைவான தொகைக்காக எழுந்த அந்தக் கோபத்தை வாங்கியவர்களின் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஒருமுறை கொடுத்தால் என்றென்றைக்கும் கிடைக்கும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது கடையின் அமைப்பு. 2010 ஏப்ரலில் ட்விட்டர் நிறுவனம் ட்வீட்டியையே விலைக்கு வாங்கி இலவசமாக்கியது.

வெற்றிபெற்ற செயலியின் உண்மையான வருமானம் எவ்வளவு என்பதை ஜாரெட் சின்க்ளேர் 2014-ல் வெளியிட்டார். ‘அன்ரெட்’ என்ற அவருடைய செய்தி வாசிப்புச் செயலி விமர்சகர்களால் வெகுவாகப் பாராட்டப்பட்டது. ஐபோன் பதிப்பு 32,000 டாலர், ஐபேட் பதிப்பு 10,000 டாலர் ஈட்டின. சுயதொழில் வரியும் மருத்துவக் காப்பீடும் போகக் கையில் நின்றது 21,000 டாலர். அதாவது மாதம் 1,750 டாலர். விற்பனையில் பெரும்பங்கு வெளியீட்டை ஒட்டிய நாட்களிலேயே நடந்து முடிந்து, பிறகு வறண்டுவிட்டது. நல்ல செயலி, நல்ல விமர்சனம், நல்ல தொடக்கம் எல்லாம் இருந்தும் ஒரு குடும்பம் நடத்தப் போதாத வருமானம். அந்த ஆண்டே அவர் செயலியை வேறொரு சிறு நிறுவனத்துக்கு விற்றார்.

விளம்பரம் என்ற இன்னொரு வழி உண்டு. இலவசமாகக் கொடுத்துவிட்டு, திரையின் ஓரத்தில் ஒரு பட்டையை வைப்பது. பயன்படுத்துபவர்கள் லட்சக்கணக்கில் இருந்தால் இது பணம் தரும்; ஆயிரக்கணக்கில் இருந்தால் கைச்செலவுக்கு வரும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலோர் இந்த வழியையே நாடக் காரணம் இருக்கிறது. ‘மானுமென்ட் வேலி’ விளையாட்டை உருவாக்கிய அஸ்ட்டூ நிறுவனம் 2015 தொடக்கத்தில் சொன்ன கணக்கின்படி, ஐபோன் வகைக் கருவிகளில் நிறுவப்பட்டவற்றில் 40 விழுக்காடு பணம் கொடுத்து வாங்கியவை. ஆண்ட்ராய்டில் 5 விழுக்காடு மட்டுமே. ஒருவரே தன் ஃபோனிலும் டேப்லெட்டிலும் நிறுவுவது உண்டு என்பதால் மீதி முழுவதையும் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இடைவெளி பெரியது.

நிலைமை மாறியது சந்தாவால்தான். 2016-ல் ஆப்பிள் எல்லா வகைச் செயலிகளும் மாத, ஆண்டுச் சந்தா வாங்கலாம் என்று அறிவித்தது. ஓராண்டு தாண்டிய சந்தாதாரரிடம் கடையின் பங்கு 15 விழுக்காடாகக் குறையும் என்றும் சொன்னது. 2021 ஜனவரி முதல், ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குள் இருப்பவர்களுக்கு எல்லா விற்பனையிலும் 15 விழுக்காடுதான் என்றானது. அதே ஆண்டு ஜூலையில் கூகுளும் முதல் பத்து லட்சம் டாலருக்கு இதே விகிதத்துக்கு வந்தது. பழைய கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 9.99 டாலர் சந்தா என்றால் அதே 50,000 டாலருக்குத் தேவைப்படுவது சுமார் 5,900 பேர். அவர்கள் ஆண்டுதோறும் புதிதாக வர வேண்டியதில்லை; இருப்பவர்கள் மனநிறைவோடு தொடர்ந்தால் போதும். 71,400 அந்நியர்களைத் தேடி ஓடுவதற்கும் 5,900 பேரைக் கவனித்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடே இந்தத் தொழிலின் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு.

சந்தாவுக்கு எதிர்ப்பு உண்டு. கால்குலேட்டருக்கும் மாதாமாதம் கட்டணமா என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். பேணுவதற்குச் செலவு இல்லாத ஒன்றுக்குச் சந்தா கேட்பது பிசகு. அதனால் நேர்மையான டெவலப்பர்கள் பலமுறை வழி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். மார்க்கோ ஆர்மென்ட் தன் ‘ஓவர்காஸ்ட்’ பாட்காஸ்ட் செயலியை 2014-ல் ஒருமுறைக் கட்டணத்தோடு வெளியிட்டார். அடுத்த ஆண்டு எல்லா வசதிகளையும் இலவசமாக்கி விரும்பியவர் ஆதரவுத்தொகை தரலாம் என்றார். 2016-ல் விளம்பரமும், விளம்பரம் வேண்டாதவர்க்கு ஆண்டுச் சந்தாவும் என்று மாற்றினார். இரண்டே ஆண்டில் மூன்று வழி. பெயர் பெற்ற ஒருவருக்கே இந்தத் தடுமாற்றம் என்றால் புதியவருக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். இந்தியாவில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி, கணக்கிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் எடுக்கப்படுவதற்குக் கூடுதல் ஒப்புதல் முறையைக் கட்டாயமாக்கியது. நுகர்வோரைக் காக்கும் நல்ல விதி. ஆனால் சிறு சந்தாக்கள் பல இடையில் அறுந்தன.

கண்ணில் படுவது

ஆப்பிளின் கடையில் இன்று இருப்பவை சுமார் 20 லட்சம் செயலிகள். அவற்றில் ஒன்று கண்ணில் படுவது எப்படி? பெரிய நிறுவனங்கள் விளம்பரத்துக்குச் செலவிடும். 2016 அக்டோபரில் கடைக்குள்ளேயே தேடல் விளம்பரம் வந்தபின், ஒருவர் உங்கள் செயலியின் பெயரைத் தட்டித் தேடினாலும் முதலில் போட்டியாளரின் விளம்பரம் வரலாம். தன் பெயரைத் தேடி வருபவரை இழக்காமல் இருக்கவே ஒருவர் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. தனியாளால் தாங்கக்கூடிய செலவல்ல இது.

மிச்சமிருப்பது அதிர்ஷ்டம். அதன் இயல்பை மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன. ஹனோயைச் சேர்ந்த டோங் நுயென் 2013 மே மாதத்தில் வெளியிட்ட ‘ஃபிளாப்பி பேர்ட்’ மாதக்கணக்கில் எவர் கண்ணிலும் படவில்லை. 2014 ஜனவரியில் திடீரென்று உலகப் பட்டியல்களின் உச்சிக்கு ஏறியது; விளம்பரத்தில் நாளுக்கு 50,000 டாலர் வந்ததாக அவரே சொன்னார். கூடவே வசைகளும் செய்தியாளர்களும் குற்றச்சாட்டுகளும் வந்தன. பிப்ரவரியில் அவர் விளையாட்டையே கடையிலிருந்து எடுத்துவிட்டார். இரண்டாவது, ஸ்டீவன் கிரவோட்டா தன் 18 வயதில், 2017-ல், ‘வேர்டில்!’ என்ற பெயரில் ஒரு சிறு சொல் விளையாட்டை எழுதிவிட்டு மறந்திருந்தார். 2022 ஜனவரியில் ஜோஷ் வார்டில் என்பவரின் இணைய விளையாட்டு உலகைப் பிடித்துக்கொள்ள, அதைத் தேடிய லட்சக்கணக்கானோர் பெயர் ஒற்றுமையால் இவருடைய செயலியை இறக்கினார்கள். வந்த பணத்தை அவர் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் வந்த வெள்ளம் அவர்கள் அழைத்து வந்ததல்ல. வந்தபோது அதைத் தொழிலாக மாற்றவும் அவர்களுக்கு வழியில்லை, விருப்பமும் இல்லை.

மூன்றாவது நிகழ்வு வேறு வகை. டேவிட் ஸ்மித் 2008 முதல் தனியாளாகச் செயலி செய்துவந்தவர். நடையை எண்ணும் ‘பெடோமீட்டர் பிளஸ் பிளஸ்’ போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் பேணிவந்தார். 2020 செப்டம்பரில் ஐபோன் முகப்புத் திரையில் விட்ஜெட் வைக்கும் வசதி வந்தபோது, முதல் நாட்களிலேயே அவரது ‘விட்ஜெட்ஸ்மித்’ தயாராக இருந்தது. டிக்டாக்கில் இளைஞர்கள் தங்கள் திரையை அலங்கரித்துக் காட்ட, செயலி பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. இதிலும் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் அது பன்னிரண்டு ஆண்டுகள் கடையைத் திறந்துவைத்திருந்தவரிடம் வந்தது. செயலியும் வெள்ளத்தோடு வடிந்துவிடவில்லை. அவர் தொடர்ந்து அதைப் புதுப்பித்துவருகிறார்.

நகலெடுப்பவர்கள்

சிறு செயலியின் சிறப்பு அதன் எளிமை. அதன் ஆபத்தும் அதுவே. ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வெண்டும் ‘த்ரீஸ்’ என்ற எண் விளையாட்டை 14 மாதங்கள் செதுக்கினார்கள். எத்தனையோ வடிவங்களைச் செய்து தூக்கிப் போட்டு, கடைசியில் எஞ்சியது நான்குக்கு நான்கு கட்டத்தில் எண்களைத் தள்ளிச் சேர்க்கும் ஒரு தெளிவான ஆட்டம். 2014 பிப்ரவரியில் 1.99 டாலருக்கு வந்தது. சில வாரங்களில் ‘1024’ என்ற இலவச விளையாட்டு வந்தது. மார்ச்சில், 19 வயதான இத்தாலிய இளைஞர் கேப்ரியேல் சிருல்லி அந்த வகையில் ‘2048’ என்ற ஒன்றை ஒரு வார இறுதியில் எழுதி, மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டார். அவர் பணத்துக்காகச் செய்யவில்லை, நேரம்போக்காகச் செய்தார். ஆனால் அந்த மூலநிரலை எடுத்து ஒட்டி விளம்பரம் சேர்த்த பிரதிகள் கடைகளை நிறைத்தன. இன்று உலகம் அறிந்த பெயர் 2048. அசலைச் செதுக்கியவர்கள் தங்கள் மின்னஞ்சல்களையெல்லாம் தொகுத்து, ஒவ்வொரு முடிவுக்கும் எப்படி வந்தோம் என்று நீண்ட விளக்கம் வெளியிட்டார்கள். அவர்களின் வேதனை எனக்கு முழுக்கப் புரிகிறது.

சட்டம் இங்கே அதிகம் உதவாது. பதிப்புரிமை ஒரு விளையாட்டின் ஓவியத்தையும் இசையையும் நிரலையும் காக்கும். ஆட்ட விதியைக் காக்காது. அதை மாற்றக் கோருவதும் எனக்குச் சரியென்று படவில்லை. விதிகளுக்கு உரிமை கொடுத்தால் அதை வாங்கிக் குவித்துச் சிறியவர்களை நசுக்கப்போவது பெருநிறுவனங்களே. ஆகவே பாதுகாப்பு வேறு இடத்தில்தான் இருக்க முடியும். ஒரே பார்வையில் புரிந்துவிடும் யோசனையை எளிதில் நகலெடுக்கலாம். ஐந்தாண்டு காலம் பயனாளரின் குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்திய ஒன்றை ஒரு வார இறுதியில் நகலெடுக்க முடியாது.

வாசலில் நிற்பவர்கள்

கடை திறந்திருந்தாலும் வாசலில் சோதனை உண்டு. ஆப்பிள் ஒவ்வொரு செயலியையும், ஒவ்வொரு அப்டேட்டையும் பார்த்துத்தான் அனுமதிக்கிறது. 2016-க்கு முன்பு இதற்கு ஒரு வாரம் வரை ஆவது சாதாரணம். அவசரப் பிழையைத் திருத்திவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவருக்குத் தெரியும், அந்த ஒரு வாரத்தில் எத்தனை ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் வந்து விழும் என்று. அந்த மதிப்பீடுகளுக்குப் பதில் எழுதும் வசதியையே ஆப்பிள் 2017 மார்ச்சில்தான் கொடுத்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள், ‘திறந்தால் மூடிக்கொள்கிறது’ என்று ஒருவர் எழுதினால், எந்த ஃபோன், எந்தப் பதிப்பு என்று கேட்கவும் வழியில்லை; சரிசெய்தாகிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. வாங்கியவர் யாரென்று கடைக்குத் தெரியும், செய்தவருக்குத் தெரியாது. அது இன்றும் அப்படியே இருக்கிறது.

கூகுள் பக்கம் வாசல் அகலமாக இருந்தது, இப்போது குறுகிவருகிறது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள் செயலியை வெளியிடுமுன் 20 பேர் 14 நாட்கள் தொடர்ந்து சோதித்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பின்னர் அது 12 பேராகக் குறைந்தது. போலிச் செயலிகளைத் தடுக்க வந்த விதி. ஆனால் நடைமுறையில், நண்பர் வட்டம் சிறியதாக உள்ள புதியவர்கள் ஒருவர் செயலியை மற்றவர் நிறுவிக்கொள்ளும் பண்டமாற்றில் இறங்கினார்கள். நிறுவனக் கணக்குகளுக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆக, சுமை விழுந்தது தனியாளின் தலையில்தான். முகவரிச் சிக்கலும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டப்படி, விற்பவர் தன் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கடையில் காட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் அந்த விவரம் தராதவர்களின் செயலிகளை ஆப்பிள் அங்கே நீக்கியது. நிறுவனம் என்றால் அலுவலக முகவரி. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண் ஒருவருக்கு அது பெரும்பாலும் அவரது வீட்டு முகவரி. பெரிய வணிகரை மனத்தில் வைத்து எழுதிய விதி சிறியவரை எப்படிக் காயப்படுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்த அதிகாரத்தின் அளவை நம் ஊருக்கு அருகிலும் கண்டோம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காகக் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அத்தொகை குறைக்கப்பட்டது. கட்டணத் தகராறு தொடர்ந்தது. 2024 மார்ச் முதல் நாள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உட்பட இந்தியச் செயலிகள் பல பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. அரசு தலையிட, சில நாட்களில் திரும்பி வந்தன. அமைச்சர் வரை குரல் போகக்கூடிய நிறுவனத்துக்கே இப்படி. தனியாளின் கணக்கு முடக்கப்பட்டால் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தானியங்கி மின்னஞ்சல்.

பிறர் சேவையை நம்பி

கடையை மட்டுமல்ல, இன்னொரு நிறுவனத்தின் சேவையையும் நம்பிய செயலிகளுக்கு இடர் இரட்டிப்பு. 2023 ஜனவரியில் ட்விட்டர் முன்னறிவிப்பின்றி வெளியார் செயலிகளைத் துண்டித்தது. பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்த ‘ட்வீட்பாட்’, ‘ட்விட்டரிஃபிக்’ இரண்டும் ஒரே இரவில் செயலிழந்தன. கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் செலிக் தனியாளாக வளர்த்த ‘அப்போலோ’, ரெட்டிட் தளத்தை வாசிக்கும் செயலி. 2023-ல் ரெட்டிட், வெளியார் செயலிகள் அனுப்பும் 5 கோடி தரவு வேண்டுகோள்களுக்கு 12,000 டாலர் என்று கட்டணம் அறிவித்தபோது, அவரது செயலிக்கு ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார். ஜூன் 30 அன்று மூடினார்.

மூடிய பிறகு நடந்ததை நின்று பார்க்க வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு மீதிக் காலத்துக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அது டெவலப்பரின் கையிலிருந்து போகும். செலிக்குக்கு அது சுமார் இரண்டரை லட்சம் டாலர். ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக், அப்போலோ மூன்றிலும் கடைசிப் பதிப்பில் ஒரு பொத்தான் வைத்தார்கள்: ‘எனக்குப் பணம் திரும்ப வேண்டாம்.’ சேவை நின்றுவிட்டது, செயலி இனி திறக்காது, தாங்கள் இழந்தது உறுதி என்று தெரிந்தும் எத்தனையோ பேர் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். பண்டம் வாங்கியவர் இப்படிச் செய்யமாட்டார். பல ஆண்டுகள் தன்னைக் கவனித்துக்கொண்ட ஒருவருக்குத்தான் இதைச் செய்வார்.

தளமே செயலியை விழுங்குவதும் உண்டு. 2013-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7-ல் டார்ச் வசதி உள்ளேயே வந்ததும் டார்ச் செயலிகளுக்கு வேலை போனது. ஆனால் இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அது தமிழில் நடந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் கணினித் தமிழுக்காகப் பல்லாண்டுகள் உழைத்தவர். செல்போனில் தமிழில் எழுத வழிசெய்த ‘செல்லினம்’ 2005-ல் சிங்கப்பூரில் வெளியானது. அவர் வகுத்த அஞ்சல் விசைமுகமும், தமிழ்99-உம் ஐஓஎஸ் 7-ல் ஆப்பிளின் உள்ளமைந்த விசைப்பலகைகளாக வந்தன. செல்லினமும் நிற்கவில்லை. தளம் ஒரு மொழிக்குச் செய்வது பொதுவான குறைந்தபட்சம். அந்த மொழியில் அன்றாடம் புழங்குபவர் செய்வது அதற்கு மேலானது. சிறு மொழிச் சந்தைகளில் தனியாள் டெவலப்பருக்கு உள்ள இடம் இதுவே.

விற்ற பிறகு தொடங்கும் வேலை

புத்தகம் அச்சாகி விற்றுவிட்டால் எழுதியவர் வேலை முடிந்தது. நூறாண்டு கழித்தும் அது திறக்கும், வாசிக்கலாம். செயலிக்கு அந்தப் பேறு இல்லை. கீழே உள்ள தரை ஆண்டுதோறும் நகர்கிறது. 2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோது பழைய தோற்றத்தில் இருந்த செயலிகள் எல்லாம் ஒரே நாளில் கிழடாகத் தெரிந்தன. மறுபடி வரைய வேண்டியிருந்தது. 2016-ல், ஐபோன் செயலிகள் எழுதப் பயன்படும் ஸ்விஃப்ட் மொழியின் மூன்றாம் பதிப்பு வந்தபோது, நேற்று வரை ஓடிய நிரலின் எத்தனையோ வரிகளைத் திருத்தி எழுதினால்தான் மறுபடி ஓடும் என்றானது. 2017-ல் ஐஓஎஸ் 11, பழைய 32 பிட் செயலிகளைத் திறக்க மறுத்தது. ஆண்ட்ராய்டில் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் இறுதிக்குள் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றாவிட்டால் அப்டேட் அனுப்ப முடியாது. 2022-ல் மூன்றாண்டுகளாக அப்டேட் செய்யாத, டவுன்லோடு குறைந்த செயலிகளை நீக்கப்போவதாக ஆப்பிள் எச்சரித்தபோது, ‘என் விளையாட்டு முடிந்த படைப்பு, நன்றாக ஓடுகிறது, எதை மாற்றுவது?’ என்று சிறு படைப்பாளிகள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றும் சரியான விடை இல்லை.

இவற்றில் எதுவும் பயனாளரின் கண்ணுக்குத் தெரியாது. அவர் பார்ப்பது ‘சிறு பிழைகள் திருத்தப்பட்டன’ என்ற ஒற்றை வரி. அந்த வரிக்குப் பின்னால் ஒருவர் பத்து வகை ஃபோன்களில் சோதித்திருக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கும் முதியவருக்காகத் திரையின் அமைப்பையே மாற்றியிருக்கலாம். பார்வையற்றவர் ஒருவரின் மின்னஞ்சலைப் படித்து, திரைவாசிப்பான் ஒவ்வொரு பொத்தானையும் சரியாக உச்சரிக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாம். தனியாள் செயலிகளின் உயர்வு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் அந்த மின்னஞ்சல் பல மேசைகளைக் கடந்து வர வேண்டும். இங்கே எழுதியவருக்கும் திருத்துபவருக்கும் இடையில் எவரும் இல்லை.

எது நிலைக்கிறது, எது தேவை

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான இந்த அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால் நிலைத்தவர்களிடம் சில பொதுத்தன்மைகள் தெரிகின்றன. அவர்கள் எல்லாருக்குமான செயலியைத் தேடவில்லை. ஒரு குறிப்பிட்ட தேவை உள்ளவர்களைத் தேடினார்கள். தாங்களே அன்றாடம் பயன்படுத்துவதைச் செய்தார்கள், அதனால் குறை முதலில் அவர்கள் கண்ணில் பட்டது. ஒரே பயிரை நம்பாமல் இரண்டு மூன்று செயலிகளை வைத்திருந்தார்கள். ஆனால் பேண முடிந்த அளவே வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் வரும் வருமானத்தை அமைத்துக்கொண்டார்கள். தங்கள் வலைத்தளம், மின்னஞ்சல் வழியே பயனாளர்களோடு நேரடித் தொடர்பு வைத்துக்கொண்டார்கள். முதல் வருமானம் வந்ததும் வேலையை விடாமல், நிலைத்த வருமானம் வந்தபின் விட்டார்கள்.

இனித் தொடங்குபவருக்கு இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதித் தருகின்றன. ஒரு வார இறுதியில் செய்யக்கூடியதை இப்போது ஒரு பிற்பகலில் செய்யலாம். செய்வது எவ்வளவு எளிதாகிறதோ அவ்வளவு மலிவாகும், நகல்களும் பெருகும். ஆனால் ஒரு சித்த மருத்துவரின் குறிப்பேட்டையோ, மீனவரின் கணக்கையோ, பள்ளி ஆசிரியரின் மதிப்பெண் பட்டியலையோ தாங்கும் செயலி அடுத்த ஆண்டும் ஓடும், அதில் உள்ள தரவு தொலையாது, எழுதினால் பதில் வரும் என்ற உறுதியை எந்தக் கருவியும் ஒரு பிற்பகலில் தராது. அந்த உறுதிக்கே மக்கள் பணம் கொடுப்பார்கள்.

கடைகள் செய்ய வேண்டியதும் உண்டு. பழைய வாடிக்கையாளருக்குச் சலுகை விலையில் புதிய பதிப்பை விற்கும் வசதியைக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தாவாக்கும் நெருக்கடி அதனால் குறையும். வாங்கியவர் சம்மதித்தால் செய்தவரோடு பேச வழி வேண்டும். கணக்கை முடக்கும்முன் ஒரு மனிதர் பார்த்து, காரணம் சொல்லி, பதில் கேட்க வேண்டும். தனிநபரின் வீட்டு முகவரியைக் காக்கும் மாற்று ஏற்பாடு வேண்டும். முடிந்த படைப்புகளுக்குக் கடையில் ஒரு நிலையான இடம் வேண்டும். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதல்ல.

வாங்குகிறவர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. தினமும் பயன்படுத்தும் ஒரு சிறு செயலி தனியொருவர் பேணுவது என்று தெரிந்தால், அதற்கு ஆண்டுக்கு ஒரு சினிமா டிக்கெட்டின் விலையைக் கொடுப்பது நன்கொடை ஆகாது, கூலி. கொதிப்போடு ஒற்றை நட்சத்திரம் போடுமுன் ஒரு மின்னஞ்சல் எழுதினால் பெரும்பாலும் பிழை அந்த வாரமே சரியாகும். தனியாள் டெவலப்பர்கள் பிழைத்தால்தான் பெருநிறுவனங்கள் கண்டுகொள்ளாத மொழிகளுக்கும் தொழில்களுக்கும் உடற்குறைகளுக்கும் யாரேனும் செயலி செய்வார்கள். அவர்கள் பிழைப்பார்களா என்பது அவர்கள் திறமையை மட்டும் பொறுத்ததல்ல. பேணுவதையும் உழைப்பென்று நாம் மதிக்கிறோமா என்பதையும் பொறுத்தது.